ஜப்பான் இறக்குமதி ஸ்போர்ட்ஸ் காரைப் பிரிட்டனில் நீங்களே விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா சுப்ரா, நிசான் ஸ்கைலைன், மாஸ்டா ஆர்எக்ஸ்-7, சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவோ. இவற்றில் ஜப்பானியர் தங்கள் ஊர்ச் சாலைகளுக்கென்று செய்துகொண்ட கார்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அங்கே சில வருடம் ஓடிவிட்டு, ஏலத்தில் விலைபோய், கப்பலேறி இங்கே வந்தவை. அப்படி ஒன்றை வாங்கி, டர்போவையும் சஸ்பென்ஷனையும் மாற்றி, வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து வைத்திருந்தவர்கள் அதை நேரடியாக விற்க நினைக்கும்போது என்னிடம் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

டீலரிடம் கொடுத்துவிடலாமா, நானே விற்கலாமா?

அவசரம் என்றால் டீலரிடம் கொடுங்கள். ஆனால் சாதாரண டீலருக்கு மாற்றியமைத்த கார் என்றாலே தயக்கம். அவர் விற்கும் காருக்கு 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அவர் பொறுப்பேற்க வேண்டும். யாரோ டியூன் செய்த எஞ்சினுக்கு அந்தப் பொறுப்பை ஏற்க யாரும் விரும்புவதில்லை. அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைப்பார். இந்தக் கார்களை மட்டுமே விற்கும் சில கடைகளில் கமிஷன் அடிப்படையில் வைத்து விற்றுத் தருவார்கள், அது ஒரு நடுவழி. காரின் கதை முழுவதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால், நேரம் இருந்தால் நீங்களே விற்பதுதான் சரி என்பேன்.

மாற்றங்களுக்குச் செலவழித்த பணம் திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மனக்கசப்பு குறையும். வாங்குபவர் உங்கள் டர்போவுக்குப் பணம் கொடுப்பதில்லை. துருப்பிடிக்காத பாடி, நம்பகமான எஞ்சின், அதற்கான பேப்பர்கள், இவற்றுக்குத்தான் கொடுக்கிறார். ஒரே மாடல் இரண்டு கார், ஒன்றில் விலை உயர்ந்த பாகங்கள் ஆனால் ரசீது இல்லை, மற்றதில் அளவான மாற்றங்கள் ஆனால் கனமான ஃபைல் என்றால் இரண்டாவதுதான் முதலில் போகும்.

விலை நிர்ணயிக்க, விளம்பரத்தில் கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள். அது ஆசை விலை. ஆன்லைன் ஏலத் தளங்களில் முடிந்துபோன விற்பனைகளின் தொகை அப்படியே தெரியும், அதைப் பாருங்கள். உங்கள் மாடலின் உரிமையாளர் கிளப்பில் பழைய ஆட்களிடம் கேளுங்கள். அப்புறம், எந்த வகை என்பதையும் சரியாக ஒப்பிடுங்கள். 90களின் சுப்ராவை டொயோட்டாவே பிரிட்டனில் அதிகாரபூர்வமாக விற்றது. அந்த டர்போ கார்களில் இரும்புச் சக்கரம் வைத்த டர்போவும் 550 சிசி இன்ஜெக்டரும் இருந்தன. ஜப்பான் காரில் செராமிக் சக்கரம், 440 சிசி இன்ஜெக்டர். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், விலை வேறு. பூஸ்ட்டை ஏற்றினால் செராமிக் சக்கரம் உடையும் என்பது இந்தக் கார்களைத் தேடும் எல்லோருக்கும் தெரியும், அதனால் முதல் போனிலேயே “டர்போ எது?” என்று கேட்பார்கள்.

விற்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரிஜினலுக்கு மாற்ற வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். ஆனால் கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் கராஜில் இருந்தால் அவற்றை ஒருபோதும் தனியாக விற்றுவிடாதீர்கள். பழைய ஸ்டீயரிங் வீல், ஏர் பாக்ஸ், சைலன்சர், சீட் எல்லாம் இன்று தேடினாலும் கிடைக்காது. அவற்றைக் காரோடு கொடுப்பது விலையை நேரடியாகத் தூக்கும்.

எளிதாகக் கழற்றக்கூடிய, தனியாக நல்ல விலைபோகும் பாகங்களின் கதை வேறு. விலையுயர்ந்த அலாய் வீல், ரேஸ் சீட் போன்றவற்றைக் கழற்றி விற்றுவிட்டு ஒரிஜினலைப் போட்டுக் கொடுப்பது பல நேரம் லாபம். பாடியில் வெட்டி ஒட்டிய மாற்றம், எஞ்சினுக்குள் செய்த மாற்றம் இவற்றை விட்டுவிடுங்கள். விற்பதற்கு முந்தைய வாரம் எஞ்சினைப் பிரித்து மாட்டிய கார் என்றால் நானே வாங்கத் தயங்குவேன்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றி வைத்திருந்தால் அதை மட்டும் கட்டாயம் திரும்பப் பொருத்துங்கள். தொழிற்சாலையில் பொருத்தி வந்த காரில் அது இல்லாவிட்டால் எம்ஓடி என்னும் வருடாந்திரச் சாலைத் தகுதிச் சோதனையில் கார் தேறாது.

மீட்டரில் இருப்பது கிலோமீட்டரா மைலா என்றே குழப்பம். விளம்பரத்தில் எதைப் போடுவது?

இறக்குமதிக் கார் விற்பனையில் அதிகம் சண்டை வருவது இந்த ஒரு விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பான் கார் கிலோமீட்டர் மீட்டரோடு வரும். இங்கே ஓட்டுவதற்கு வேகம் மைலில் காட்ட வேண்டும். அதை இரண்டு விதமாகச் செய்திருப்பார்கள். ஒன்று, டயலின் முகப்பை மட்டும் மாற்றுவது. அப்போது முள் மைலைக் காட்டும், ஓடிய தூரம் எண்ணும் பகுதி கிலோமீட்டரிலேயே தொடரும். இன்னொன்று, ஸ்பீடோ வயரில் ஒரு சிறிய கன்வர்ட்டர் சிப் வைப்பது. அப்போது அன்றிலிருந்து தூரமும் மைலாக எண்ணப்படும், ஆனால் ஏற்கெனவே ஓடிய கிலோமீட்டர் மேலேயே அது ஏறும்.

உதாரணமாக, 90,000 கிலோமீட்டரில் வந்து இறங்கிய கார். சிப் வைத்தார்கள். இன்று மீட்டர் 1,20,000 காட்டுகிறது. இது 1,20,000 மைலும் இல்லை, 1,20,000 கிலோமீட்டரும் இல்லை. முதல் 90,000 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 56,000 மைல். பிறகு ஓடியது 30,000 மைல். ஆக மொத்தம் சுமார் 86,000 மைல். டயல் மட்டும் மாற்றிய கார் அதே 1,20,000 காட்டினால் அது சுமார் 74,600 மைல்தான்.

எம்ஓடி செய்பவர் மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் பதிவார். ஒரு வருடம் மைல் என்றும் அடுத்த வருடம் கிலோமீட்டர் என்றும் பதிந்திருக்கலாம். அந்த வரலாறு அரசுத் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் யாருக்கும் தெரியும், 2005 வரை பின்னால் போகும். வாங்குபவர் உங்களை அழைப்பதற்கு முன்பே அதைப் பார்த்திருப்பார். ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில், எந்த எண்ணில், எந்த முறையில் மாற்றப்பட்டது, அதற்கு என்ன ரசீது என்று விளம்பரத்திலேயே கணக்கை எழுதிவிடுங்கள். மாற்றிய தேதி தெரியாவிட்டால், “மீட்டர் இவ்வளவு காட்டுகிறது, கிலோமீட்டர் மைல் கலந்தது, மொத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை” என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் மைலில் போட்டுவிட்டால், அது பின்னால் உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த பேப்பர்கள் என்னென்ன இருக்க வேண்டும்?

முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஜப்பான் அரசு கொடுத்த ஏற்றுமதிச் சான்றிதழ். முதல் பதிவு எந்த ஆண்டு மாதம் என்பது அதில் இருக்கும், பிந்தைய சான்றிதழ்களில் ஓடிய தூரமும் இருக்கும். இரண்டாவது ஏலத்தாள். கார் ஏலத்துக்கு வந்த அன்று பரிசோதகர் எழுதிய ஒரு பக்கம் அது, காரின் படம் வரைந்து அதன்மேல் குறியீடுகள் போட்டிருப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த அடையாளம், எஸ் என்றால் துரு, இரட்டை எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். மேலே மூலையில் தரம் இருக்கும். 4, 4.5 நல்லவை. ஆர் அல்லது ஆர்ஏ என்றால் அடிபட்டுப் பழுதுபார்த்த கார்.

உங்கள் காரின் தாளில் ஆர் இருக்கிறது என்று அதை ஒளித்து வைக்க வேண்டாம். நன்றாகப் பழுதுபார்த்த கார் இங்கே இருபது வருடம் ஓடியிருக்கிறது என்றால் அதைச் சொல்லியே விற்கலாம். தாள் கிடைக்காமல் போயிருந்தால் சேஸிஸ் எண்ணை வைத்துத் தேடிக்கொடுக்கும் சேவைகள் உண்டு, ஆனால் மிகப் பழைய ஏலங்களுக்குக் கிடைப்பது அரிது.

இங்கே வந்த பிறகு செய்த எஸ்விஏ அல்லது ஐவிஏ (பதிவுக்கு முன் ஒவ்வொரு காராகச் செய்யும் அங்கீகாரச் சோதனை) சான்று இருந்தால் அதையும் ஃபைலில் வையுங்கள். இறக்குமதியாகும்போதே பத்து வருடத்துக்கு மேல் பழையதாக இருந்த காருக்கு ஐவிஏ தேவையில்லை, ஆகவே அது இல்லையென்று பயப்பட வேண்டாம். ஃபைலில் முந்தைய உரிமையாளர்களின் வீட்டு முகவரி உள்ள ரசீதுகள் இருந்தால், போட்டோ எடுத்து அனுப்பும்போது முகவரியை மறைத்து அனுப்புங்கள்.

எஞ்சின் மாற்றியிருக்கிறேன், நிறமும் மாற்றியிருக்கிறேன். லாக் புக்கில் பழையபடி இருக்கிறது. பரவாயில்லையா?

இல்லை, விளம்பரம் போடுவதற்கு முன் சரிசெய்யுங்கள். நிறம், எஞ்சின் எண், எஞ்சின் கொள்ளளவு, சேஸிஸ் அல்லது பாடி ஷெல், இருக்கைகளின் எண்ணிக்கை, இவை மாறினால் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக் புக் என்னும் அந்தப் பதிவுச் சான்றிலேயே அதற்கான இடம் இருக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு ரசீது அல்லது கராஜின் கடிதம் சேர்த்துத் தபாலில் அனுப்ப வேண்டும். புதியது வர சில வாரம் ஆகலாம். வாங்க வந்தவர் போனட்டைத் திறந்து எஞ்சின் எண்ணை லாக் புக்கோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த நிமிடமே அவருக்குத் திருட்டுக் காரோ என்ற சந்தேகம் வந்துவிடும். அப்புறம் என்ன விளக்கினாலும் எடுபடாது.

லாக் புக் என் பெயரில் இருக்கிறது, அது போதும்தானே உரிமைக்கு?

போதாது. லாக் புக் காட்டுவது பதிவுபெற்ற பராமரிப்பாளரை, உரிமையாளரை அல்ல. நீங்கள் வாங்கிய அன்றைய ரசீதைத் தேடி எடுங்கள்.

எம்ஓடி முடிந்துவிட்டது. அப்படியே விற்கலாமா?

எம்ஓடி இல்லாத காரை விற்பது தானாகக் குற்றமாகிவிடாது. ஆனால் 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 75-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது, தனியாருக்கும் பொருந்தும். சாலையில் ஓடத் தகுதியில்லாத நிலையில் உள்ள காரை விற்பதும், விற்கிறேன் என்று சொல்வதுமே குற்றம். பிரேக், ஸ்டீயரிங், டயர் எல்லாம் இதில் வரும். சரிசெய்யும்வரை இது ரோட்டில் இறங்காது என்று நம்ப நியாயமான காரணம் உங்களுக்கு இருந்திருக்க வேண்டும், அதுதான் தற்காப்பு. ஆகவே திட்டப்பணியாக நிற்கும் கார் என்றால் விளம்பரத்திலும் ரசீதிலும் “சாலைக்குத் தகுதியில்லை, டிரெய்லரில் எடுத்துச் செல்ல வேண்டும்” என்று எழுதுங்கள், உண்மையிலேயே டிரெய்லரில்தான் போகிறது என்பதையும் பாருங்கள்.

ஓடும் கார் என்றால் புதிய எம்ஓடி எடுத்துவிட்டு விற்பதே என் யோசனை. பின்பக்க ஃபாக் விளக்கு வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பல ஜப்பான் கார்களுக்கு அது இங்கே வந்துதான் பொருத்தப்பட்டது, வயரிங் அவசரத்தில் செய்தது. முன் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். விண்ட்ஸ்கிரீன் 75 சதவீதமும் முன்பக்க ஜன்னல்கள் 70 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்பது சட்டம்.

விளம்பரத்தில் எவ்வளவு எழுதுவது? நிறைய எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்கிறார்களே?

குடும்பக் காருக்கு அது சரி. இந்தக் காரை வாங்குபவர் மூன்று பக்கம் இருந்தாலும் படிப்பார், படித்துவிட்டுக் கேள்வியோடு வருவார்.

மாற்றங்களை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் வேண்டும்: என்ன பாகம், எந்த நிறுவனம், யார் பொருத்தியது, எப்போது. “முழு சஸ்பென்ஷன் மாற்றியது” என்பது ஒன்றும் சொல்லாத வரி. “டெயின் காயில்ஓவர், 2019-ல் கராஜில் பொருத்தியது, ரசீது உண்டு, முன் இடதுபக்கம் லேசாகக் கசிகிறது” என்றால் படிப்பவருக்கு உங்கள்மேல் ஒரு நம்பிக்கை பிறக்கும். குறையைச் சொல்லும் அந்தக் கடைசித் துண்டுதான் மற்ற மூன்றையும் நம்பவைக்கிறது.

குதிரைத்திறனை எழுதினால் டைனோ (சக்தியை அளக்கும் இயந்திரம்) தாளைக் காட்டுங்கள். சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினில் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டதா என்பதையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. ஜப்பானில் அந்தக் காலத்தில் கம்பெனிகள் தங்களுக்குள் 280 என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டு அதைத் தாண்டிய கார்களுக்கும் காகிதத்தில் அதையே எழுதின, ஆகவே பழைய புரோஷரில் உள்ள எண்ணையும் ஆதாரமாகக் காட்ட முடியாது.

சாதாரண எஞ்சினுக்கு கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) சோதனை செய்து ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணையும் போடுங்கள். எண்கள் பெரிதாக இருப்பதைவிட ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதைத்தான் பார்ப்பார்கள். ஆர்எக்ஸ்-7 என்றால் சாதாரணக் கருவி போதாது. ரோட்டரி எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், மூன்றுக்கும் தனித்தனி எண் தரும் ரோட்டரி டெஸ்டரில் சோதிக்க வேண்டும். இரண்டு ரோட்டருக்கு ஆறு எண்கள். அந்த ஆறு எண்கள் இல்லாத ஆர்எக்ஸ்-7 விளம்பரத்தை விவரம் தெரிந்தவர் தாண்டிப் போய்விடுவார். சுப்ரா, ஸ்கைலைன் ஜிடிஆர் என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய தேதி.

படங்களில் முக்கியமானது காரின் அடிப்பாகம். ஜப்பானில் பல இடங்களில் சாலையில் உப்புப் போடுவதில்லை, கார்கள் அடியில் பாதுகாப்புப் பூச்சு குறைவாகவே வந்தன. இங்கே குளிர்காலம் முழுக்க உப்புத்தான். ஆர்33, ஆர்34 ஸ்கைலைன்களில் போனட்டுக்குக் கீழே, சஸ்பென்ஷனின் தலை உட்காரும் இடத்தில் துரு பிடிக்கும். அந்த இடத்தைப் பிளாஸ்டிக்கை விலக்கி, வெளிச்சத்தில், மங்கலில்லாமல் படமெடுத்துப் போடுங்கள். பின் வீல் ஆர்ச்சின் உள்பக்கத்தையும் போடுங்கள். மாலை வெயிலில் எடுத்த பத்து அழகான படங்களைவிட அந்த இரண்டு படத்துக்கு மதிப்பு அதிகம்.

“உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது” என்று ரசீதில் எழுதிவிட்டால் எனக்குப் பொறுப்பு இல்லைதானே?

பாதிதான் உண்மை. தனியார் விற்பனையில் “தரம் திருப்திகரமாக இருக்க வேண்டும்” என்ற விதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் 1979-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி கார் நீங்கள் விவரித்தபடி இருக்க வேண்டும், விற்கும் உரிமையும் உங்களுக்கு இருக்க வேண்டும். பொய்யான தகவலைச் சொல்லி வாங்கவைத்தால் 1967-ஆம் ஆண்டின் தவறான எடுத்துரைப்புச் சட்டம் வேறு இருக்கிறது. “எஞ்சின் முழுக்கப் புதுப்பித்தது” என்று எழுதி, உண்மையில் கேஸ்கெட் மட்டும் மாற்றியிருந்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் எழுதிய விளம்பரம்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. அதே விளம்பரம் உண்மையாக இருந்தால் உங்களுக்கு ஆதரவான முதல் சாட்சியும் அதுவே. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கிறேன். யூலெஸ் (மாசு அதிகமான வண்டிகளுக்கான) கட்டணம் விற்பனையைப் பாதிக்குமா?

பாதிக்கும். 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகள் உட்பட லண்டனின் எல்லா பரோக்களும் அதற்குள் வந்துவிட்டன. பெட்ரோல் கார் யூரோ 4 என்ற மாசுத் தரத்தில் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். 90களின் கார்கள் பெரும்பாலும் அந்தத் தரத்தில் இல்லை. அதனால் வாங்குபவர் வெளியூரிலிருந்து வருவார் என்று எதிர்பாருங்கள். 2000-க்குப் பிறகு வந்த இறக்குமதிக் கார் என்றால் ஒரு முயற்சி செய்யலாம். இறக்குமதிக் கார்களின் மாசு விவரம் பதிவேட்டில் இல்லாததால்தான் சில கார்கள் கட்டணப் பட்டியலில் விழுகின்றன. உற்பத்தியாளரின் சான்று மூலம் தரத்தை நிரூபித்தால் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். அது கிடைத்துவிட்டால் விளம்பரத்தில் முதல் வரியாகவே போடுங்கள்.

பார்க்க வருபவரை வீட்டுக்கு வரவழைப்பதா? திருட்டுப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. இந்தக் கார்கள் குறிவைத்துத் திருடப்படுகின்றன. அதே சமயம், லாக் புக்கில் உள்ள முகவரியிலேயே காரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் வாங்குபவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. பெட்ரோல் பங்க்கில் சந்திக்கலாம் என்று நீங்கள் சொன்னால் நல்ல ஆள் ஓடிவிடுவார்.

நான் பரிந்துரைப்பது: விளம்பரத்தில் ஊர்ப் பெயர் மட்டும். படங்களில் வீட்டுக் கதவு எண், தெருப் பலகை, கராஜ் பூட்டு தெரியக்கூடாது. முதலில் போனில் பேசுங்கள், வீடியோவில் முகம் பார்த்துப் பேசுங்கள். காரைப் பற்றி அவர் கேட்கும் கேள்வியிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பிறகு ஓட்டுநர் உரிமத்தின் படம் வாங்கிக்கொண்டு முகவரி கொடுங்கள். பகல் நேரம், உங்களோடு இன்னொருவர். அவர் வரும்வரை எஞ்சினைச் சூடாக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்றே நினைப்பார்.

மூன்று நான்கு பேராக வந்து விலையைக் குறைக்கும் கும்பல் பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ஒருவர் உங்களிடம் பேச்சுக் கொடுப்பார், ஒருவர் லாக் புக்கை எடுத்துவரச் சொல்லி உள்ளே அனுப்புவார். அந்த நேரத்தில் இன்னொருவர் கூலன்ட் தொட்டியில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுவார், சைலன்சர் குழாயிலும் தடவுவார். ஓட்டிப் பார்க்கும்போது புகை வரும். “ஹெட் கேஸ்கெட் போய்விட்டது” என்று பாதி விலைக்குக் கேட்பார்கள். பதறிப்போய்க் கொடுத்தவர்கள் உண்டு.

தடுப்பது எளிது. வருவதற்கு முன் கூலன்ட் தொட்டி, ஆயில் மூடி, டிப்ஸ்டிக் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பேப்பர்களைக் கையிலேயே வைத்திருங்கள், உள்ளே போகவே வேண்டாம். போனட் திறந்திருக்கும்வரை நீங்களோ உங்களோடு இருப்பவரோ அதன் அருகிலேயே நில்லுங்கள். அப்படியும் நடந்துவிட்டால் விற்காமல் அனுப்பிவிட்டு, எஞ்சினை ஓட்டாமல், தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள். கூலன்டில் ஊற்றிய ஆயிலைக் கழுவி எடுத்துவிடலாம்.

ஓட்டிப் பார்க்கக் கேட்கிறார். இன்சூரன்ஸ்?

ஒரு நாள் இன்சூரன்ஸ் எடுத்து வருகிறேன் என்பார். அந்த வகைப் பாலிசிகள் பலவற்றில் இறக்குமதிக் கார், மாற்றியமைத்த கார் இரண்டுக்கும் இடமில்லை. அவருடைய சொந்தப் பாலிசியில் பிறர் காரை ஓட்டும் அனுமதி இருந்தாலும் அது எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும், உங்கள் காருக்கு அல்ல. ஆகவே நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்காரட்டும். பணம் முழுவதும் உங்கள் கணக்குக்கு வந்த பிறகு, தகுந்த இன்சூரன்ஸோடு அவர் ஓட்டலாம். காரை எஸ்ஓஆர்என் செய்து (ரோட்டில் ஓட்டுவதில்லை என்று டிவிஎல்ஏவிடம் அறிவித்து) நிறுத்தியிருந்தால், முன்பதிவு செய்த எம்ஓடிக்குப் போவதைத் தவிர ரோட்டில் எடுக்கவே கூடாது.

தெரிந்த தம்பிதான் வாங்குகிறான். அவனிடம் போய் ரசீது, கையெழுத்து என்று கேட்டால் தப்பாக நினைப்பானே?

தெரிந்தவர் என்பதால்தான் எழுத வேண்டும். அந்நியரோடு மனஸ்தாபம் வந்தால் அதோடு முடிந்தது. தெரிந்தவரோடு வந்தால் இரண்டு குடும்பமும் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டிவரும். “தம்பி, நாளைக்கு உனக்கும் எனக்கும் பேச்சு வரக்கூடாது, அதுக்குத்தான்” என்று சொல்லிப் பாருங்கள், எவரும் மறுப்பதில்லை. தவணையில் கொடுக்கிறேன் என்று கேட்டால் மட்டும், முழுப் பணம் வரும்வரை சாவியும் லாக் புக்கும் உங்களிடமே இருக்கட்டும்.

பணத்தை எப்படி வாங்குவது?

வங்கிப் பரிமாற்றம். அவருடைய போனில் காட்டும் “அனுப்பிவிட்டேன்” திரையை நம்பாதீர்கள், உங்கள் வங்கி ஆப்பில் பணம் வந்து நிற்க வேண்டும். பெரிய தொகைக்கு அவருடைய வங்கியில் தினசரி வரம்பு இருக்கும், முந்தைய நாளே பேசிவைக்கச் சொல்லுங்கள். காசோலை வேண்டாம், வங்கி டிராஃப்ட் போலியாகவும் வரும். ரொக்கம் என்றால் வங்கிக் கிளைக்குள்ளேயே எண்ணி வாங்குங்கள்.

கார்மேல் ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறது.

ஹயர் பர்ச்சேஸ் அல்லது பிசிபி என்ற தவணை ஒப்பந்தம் என்றால் கார் இன்னும் ஃபைனான்ஸ் கம்பெனியுடையது, உங்களால் விற்க முடியாது. பாக்கித் தொகையைக் கடிதமாகக் கேட்டு வாங்கி, கட்டி முடித்து, முடிந்ததற்கான கடிதத்தை ஃபைலில் வைத்த பிறகு விளம்பரம் போடுங்கள். சாதாரண வங்கிக் கடன் என்றால் இந்தத் தடை இல்லை.

காரில் உள்ள என் பிரைவேட் நம்பர் பிளேட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

விற்பதற்கு முன் 80 பவுண்ட் கட்டி அதைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்ற பிறகு கேட்டால் அந்த நம்பர் புதியவருடையது. எடுத்த பிறகு புதிய லாக் புக் வரும்வரை விற்பனையை முடிக்காதீர்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாறிய நம்பரைச் சொல்லுங்கள்.

கைமாறும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

ரசீது இரண்டு பிரதி: தேதி, நேரம், இருவர் பெயர் முகவரி, வண்டி நம்பர், சேஸிஸ் எண், விலை, மீட்டர் காட்டும் எண்ணும் அதன் விளக்கமும், மாற்றங்களின் பட்டியல், சொன்ன குறைகள். இருவரும் கையெழுத்து. லாக் புக்கின் பச்சைத் துண்டைக் கிழித்து அவரிடம் கொடுங்கள். 11 இலக்க எண்ணை வைத்து அவர் முன்னிலையிலேயே டிவிஎல்ஏ தளத்தில் விற்பனையைப் பதிந்துவிடுங்கள். பதியத் தவறினால் 1,000 பவுண்ட் வரை அபராதம், அவர் போகும் வேகக் கேமரா நோட்டீஸும் உங்கள் வீட்டுக்கே வரும். ரோடு டாக்ஸ் காரோடு போகாது, மீதமுள்ள முழு மாதங்களுக்கு உங்களுக்குத் திரும்ப வரும். அவர் புதிதாகக் கட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

மாற்றியமைத்த காரில் மறந்துபோகும் விஷயங்கள் சில. வீல் நட் பூட்டின் சாவி. அலாரத்தின் இரண்டாவது ரிமோட், இம்மொபைலைசர் எண். டிராக்கர் சந்தாவை அவர் பெயருக்கு மாற்றுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்று ஈசியு (எஞ்சினை இயக்கும் கணினி) போட்டிருந்தால் அதன் மேப் கோப்பும், அதாவது டியூனர் எழுதிய அமைப்பும், கடவுச்சொல்லும். சில டியூனர்கள் தங்கள் மேப்பைப் பூட்டி வைப்பார்கள். வேறு கடைக்குக் கொண்டுபோனால் திறக்க முடியாது. விற்பதற்கு முன் டியூனரிடம் பேசி, யாரிடம் போனால் திறப்பார் என்பதை எழுதி வாங்கிக் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஒருவர் கேட்கிறார். நம்பலாமா?

உண்மையான ஆட்கள் உண்டு. உற்பத்தியாகி 25 வருடம் தாண்டிய காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாம் என்பது அங்குள்ள விதி, உற்பத்தி மாதம்வரை கணக்குப் பார்ப்பார்கள். 1999-ல் வெளிவந்த ஆர்34 ஜிடிஆர் 2024 முதல் அந்த வரம்புக்குள் வந்தது. ஆகவே உற்பத்தி மாதத்துக்கான ஆதாரத்தைத்தான் முதலில் கேட்பார். கேட்காமலே விலைக்கு மேல் தருகிறேன், கப்பல் ஏஜென்டுக்கு நீங்கள் முன்பணம் அனுப்புங்கள் என்றால் அது மோசடி. முழுப் பணமும் வந்த பிறகு அவருடைய ஏஜென்ட் வந்து எடுக்கட்டும். இதை ஆன்லைனில் பதிய முடியாது: லாக் புக்கில் நிரந்தர ஏற்றுமதிக்கான பகுதியை நிரப்பி ஸ்வான்சியில் உள்ள டிவிஎல்ஏவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, மீதியை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

வாங்கியதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றேன். வரி உண்டா?

சொந்தமாக ஓட்டிய பயணிகள் காருக்கு மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கி வாங்கி விற்பதையே வழக்கமாக வைத்திருந்தால் அது வியாபாரம், வருமான வரியும் வரும், வியாபாரிக்குரிய சட்டப் பொறுப்பும் வரும். பிரைவேட் நம்பரைத் தனியாக விற்ற லாபத்துக்கு இந்த விலக்கு இல்லை.

விற்று இரண்டு வாரத்தில் எஞ்சின் போய்விட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார். என்ன செய்வது?

முதலில் கோபப்படாமல் கேளுங்கள், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு உங்கள் விளம்பரத்தையும் ரசீதையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் எது பொய்யானது என்று அவர் காட்ட வேண்டும். பூஸ்ட்டை ஏற்றி ஓட்டியதால் போன டர்போவுக்கு நீங்கள் பொறுப்பில்லை. நீங்கள் “புதிது” என்று எழுதிய பாகம் பழையது என்றால் பொறுப்பு உண்டு, அப்போது நீதிமன்றம்வரை இழுக்காமல் ஒரு தொகை பேசி முடிப்பதே முறை. 10,000 பவுண்ட் வரையிலான வழக்குகள் சிறு கோரிக்கைப் பிரிவில் போகும், அதற்கு மேல் என்றால் செலவு கூடும், வக்கீலிடம் பேசிவிட்டுப் பதில் எழுதுங்கள். கேட்கும் உரிமை அவருக்கு ஆறு வருடம் உண்டு என்பதால், விளம்பரப் பிரதி, படங்கள், குறுஞ்செய்திகள், ரசீது எல்லாவற்றையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.